ஆட்டு ரத்தம் என்று நான் சொன்ன நாள்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது ஆய்வகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். புதிதாக ஒரு கிட் வந்திருக்கிறதாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மனித ரத்தம் இருந்தால் மட்டும்தான் அதில் கோடு விழும், ஆட்டையும் கோழியையும் வெளுத்துக்கட்டி இருந்தாலும் அது ஏமாறாது என்றாள்.

"மூணு நாள் கறி சாப்பிடாதீங்கன்னு இனிமே யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம் மேடம். உங்க காலத்துல எப்படித்தான் சமாளிச்சீங்களோ?"

'உங்க காலத்துல' என்றது எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்று மூன்று வருடம்தான் ஆகிறது. திருநின்றவூரில் வீட்டைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்து, ஆவடி ரயிலுக்கு நேரமாகிறதே என்று இன்னும் பதறுகிறேன். அதற்குள் என்னைச் சரித்திரத்தில் சேர்த்துவிட்டாள். ஆனாலும் அவள் கேட்டது நல்ல கேள்வி. நான் சமாளித்த கதைகள் நிறைய இருக்கின்றன. சமாளிக்காமல் கோட்டைவிட்ட கதை ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் அவளுக்குச் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

அப்பா ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பாளையங்கோட்டையிலிருந்து வேலை கிடைத்து வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். பிளஸ் டூ முடித்ததும் லேப் டெக்னீஷியன் படிப்பு இரண்டு வருடம், பிறகு அம்பத்தூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் ஒரு வருடம். அங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களின் முறுக்கேறிய கைகளில் ஊசி போட்டுப் பழகியதால், நரம்பு கிடைக்கவில்லை என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருமையோடுதான் அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையின் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். முப்பத்தோரு வருடம் அங்கேயே.

அங்கே ஊசி போடுவது சுலபமான வேலை. கஷ்டமான வேலை, வெறும் வயிறு என்றால் என்ன என்று மக்களுக்கு விளக்குவது. "வெறும் வயித்துலதான் வந்திருக்கேன் சிஸ்டர், ஒரு காபி மட்டும்தான்" என்பார்கள். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். காபி வயிற்றுக்குள் போகாமல் வேறெங்கே போகும் என்று கேட்டால், "அது தண்ணி கணக்குதானே" என்று பதில் வரும். சர்க்கரை பரிசோதனைக்கு முன்னால் ஒரு வாரம் மட்டும் பாகற்காய் சாப்பிட்டு, காலையில் மைதானத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு வருபவர்கள் தனி ரகம். பரிசோதனையைத் தேர்வாக நினைத்து, பாஸ் ஆக வேண்டும் என்று தயாராகி வருவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை வந்த பிறகு அவர்கள் முகம் வாடியதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும்.

மலப் பரிசோதனைக்கு நிலக்கடலை அளவு போதும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். மறுநாள் பெரிய ஊறுகாய் பாட்டில் நிறையக் கொண்டு வந்து, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று அக்கறையோடு கேட்பார்கள்.

எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவி டாக்டர் பரிமளா. உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. கையில் எப்போதும் சீவிய பென்சில் ஒன்று இருக்கும். பேனாவை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மட்டும்தான் எடுப்பார். நாங்கள் எதைச் சொன்னாலும் முதலில் "யார் சொன்னது?" என்பார். சாம்பிள் சரியில்லை என்றால் யார் சொன்னது, மெஷின் சரியாக இருக்கிறது என்றால் யார் சொன்னது. ஒருமுறை "மழை வரும்போல இருக்கு டாக்டர்" என்றேன். பழக்க தோஷத்தில் அதற்கும் கேட்டுவிட்டு, அவரே சிரித்துவிட்டார்.

அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் "ஸ்டெல்லா". கொஞ்சம் கோபம் என்றால் "வாங்க ஸ்டெல்லா". உச்சகட்டக் கோபத்தில் "வாங்கம்மா, உட்காருங்க" என்று நாற்காலியையே இழுத்துப் போடுவார். முப்பத்தோரு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் ஒரே ஒருமுறைதான் உட்கார்ந்தேன். தனபால் விஷயத்தில்.

தனபால் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயது. வியாசர்பாடிக்காரர், வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வருடாந்திரப் பரிசோதனையில் அவருக்கு ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு. ஆண்களுக்குக் குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டும். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுக்கள் எல்லாம் சின்னதாக, நடுவில் வெளுத்துக் கிடந்தன. இரும்புச் சத்து குறைந்தால் அப்படித்தான் தெரியும்.

டாக்டர் பரிமளா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரத்தசோகைங்கிறது நோயோட பேர் இல்லை ஸ்டெல்லா. பேங்க் கணக்குல பணம் குறையுதுன்னு தெரியுது, அவ்வளவுதான். யார் எடுக்கறாங்கன்னு பார்க்கணும். அம்பது வயசு ஆம்பளைக்கு இரும்புச் சத்து குறைஞ்சா, எங்கேயோ கசியுதான்னு முதல்ல குடல்ல தேடணும்." அதற்குத்தான் அந்த மலப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். எழுதிய மறுநாள், மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார்.

அப்போது எங்களிடம் இருந்தது பழைய முறை. மடிப்பு அட்டைக்குள் ஒரு தாள் இருக்கும். குச்சியால் மெல்லியதாகப் பூசி, மேலே இரண்டு துளி மருந்து விட்டு, ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ரத்தம் இருந்தால் தாள் நீலமாகும். ஆனால் அந்தத் தாளுக்கு மனிதன், ஆடு என்ற பேதம் தெரியாது. சாப்பிட்ட ஆட்டின் ரத்தம் இருந்தாலும் நீலமாகும். பச்சை முள்ளங்கி கூடச் சில நேரம் வேலையைக் காட்டும். அதனால்தான் மூன்று நாள் பத்தியம். பிறகு அடுத்தடுத்து மூன்று நாள் சாம்பிள். கசிவு தினமும் இருக்காது, ஒரு நாள் ஒளிந்துகொள்ளும் என்பதால் மூன்று.

தனபாலிடம் எல்லாம் சொன்னேன். தலையை நன்றாக ஆட்டினார். சாம்பிள் கொண்டு வந்தார். சொட்டு விட்ட பத்தாவது நொடியில் தாள் பளீரென்று நீலமாகிவிட்டது.

"கறி ஏதாவது சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் மேடம் கேக்கறீங்க? ரத்தம் கம்மின்னு என்னிக்கி எழுதிக் குட்த்தீங்களோ, அன்னிலேர்ந்து காலையில சுவரொட்டி, மத்தியானம் ரத்தப் பொரியல். வேணாம்னா ஊட்ல அழுவுறா. ஆடுங்கல்லாம் என்னப் பாத்தா ஒதுங்கிப் போவுதுங்க."

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி, தணலில் சுட்டுக் கொடுப்பார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீலத்துக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டதே. "பயப்படாதீங்க, இது ஆட்டு ரத்தம்தான். மூணு நாள் கறியை நிறுத்திட்டு இன்னொரு தடவை கொண்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்லை" என்றேன். பதிவேட்டில் 'மறு பரிசோதனை' என்று எழுதிவிட்டு அடுத்தவருக்கு ஊசியை எடுத்தேன்.

அவர் வரவில்லை. நானும் தேடவில்லை. தினமும் எண்பது பேருக்கு ஊசி போடுகிறவள் யாரைத் தேடுவாள் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். டாக்டர் பரிமளா பேசவில்லை.

விடுப்பு முடிந்து வந்த அன்றைக்கு, பதிவேட்டை விரித்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

"வாங்கம்மா, உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"தனபாலோட ரெண்டாவது சாம்பிள் எங்கம்மா?"

"வரல டாக்டர். மொதல் சாம்பிள் நீலம்தான். ஆனா அவர் தினமும் சுவரொட்டி சாப்பிட்டிருக்கார். அது ஆட்டு ரத்தம்."

"யார் சொன்னது?"

அவரே பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்த நீலத்துல ஆடுன்னு எழுதியிருந்துதாம்மா? ஆட்டு ரத்தமா இருக்கலாம். அவரோட ரத்தமாவும் இருக்கலாம். ரெண்டுமே இருக்கலாம். தெரியாதுன்னு சொல்லி அனுப்பியிருந்தா பயந்தாவது திரும்ப வந்திருப்பார். நீங்க நல்ல சேதி சொல்லி அனுப்பிட்டீங்க. நல்ல சேதி கேட்டவர் ஏன் வரப்போறார்?"

குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அந்த மரியாதையில் அழக்கூட முடியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்ன 'அவசரமில்லை' என்ற வார்த்தை, ஒரு மனிதனின் உயிருக்குக் குறுக்கே நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் நேராக தனபாலின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி கஸ்தூரி. ஒல்லியான உருவம், தலைமுடியை அள்ளி முடிந்த வேகத்திலேயே வீட்டை ஆள்கிறவள் என்று தெரிந்தது. உள்ளே வாணலியில் ரத்தப் பொரியல் வெங்காயத்தோடு மணந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு நாளும், அப்பறம் சாம்பிள் குடுக்கற மூணு நாளும் கறி இல்லாமயா? ஆறு நாளு? நல்லா கீது மேடம் உங்க நாயம். நானே இப்பத்தான் கொஞ்சம் ரத்தத்த ஏத்திகினு வரேன். நீங்க ஒரே வாரத்துல எறக்கி வுட்ருவீங்க."

"உள்ள கசிஞ்சா நீங்க எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது கஸ்தூரி."

"அது ஆட்டு ரத்தம்னு நீங்கதான மேடம் சொன்னீங்க."

தனபால் லுங்கியோடு வந்து எட்டிப்பார்த்து, "மேடம், ஆறு நாளு ஆடுங்களுக்கு லீவு குட்த்துருவோம், எனக்கு சம்மதம்" என்றார். அவள் ஒரு முறை முறைத்ததும் உள்ளே போய்விட்டார். டாக்டர் சொன்னார் என்று சொல்லிப் பார்த்தேன், பெரிய ஆபத்தாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைப்பதாக இல்லை அவள். சுவரில் திருவேற்காட்டு அம்மன் காலண்டர் தொங்கியது. எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டா கறியை நிறுத்துவீங்களா?"

கரண்டி நின்றது. "அதுக்குன்னா சுத்தபத்தமா இருந்துதான ஆவணும்."

"அப்ப உங்க வீட்டுக்காரருக்காக நேர்ந்துக்கங்க. ஆறு நாள்."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், அம்மனுக்கு விரதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் டாக்டரிடம் சொன்னபோது வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். "ஆறு நாள் விரதத்துல முள்ளங்கி வேண்டாம்னு அம்மன் சொன்னாங்கன்னும் சொல்லிடுங்க" என்றார். நல்லவேளை. இரண்டாம் நாளுக்கு முள்ளங்கி சாம்பாருக்குத்தான் கஸ்தூரி காய் வாங்கி வைத்திருந்தாள்.

நான்காம் நாள் தனபால் சாம்பிளோடு வந்தார். சொட்டு விட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, வெள்ளையாகவே இரு, வெள்ளையாகவே இரு என்று அந்தத் தாளிடம் கெஞ்சினேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் ஒரு நீலம் கிளம்பி மெதுவாகப் பரவியது. மறுநாள் வெள்ளை. மூன்றாவது சாம்பிள் மறுபடி நீலம்.

டாக்டர் தனபாலையும் கஸ்தூரியையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். தனபால் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்போ அது என்னோடதுதானா?" என்றார்.

கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, "தப்பு என்மேலதான் கஸ்தூரி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். அவள் என்னைச் சும்மா விடுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், "வுடுங்க மேடம், நீங்க சொன்னத நானுந்தான் ஆசையா நம்பிகினேன்" என்றாள். திட்டுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலின் வலது பக்கம் ஒரு கட்டி. புற்றுநோய்தான். ஆனால் குடலைத் தாண்டிப் போகவில்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள். நான் வீணாக்கிய வாரங்களால் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பரிமளா சொன்னார். சொல்லிவிட்டு, "அது உங்க அதிர்ஷ்டம் ஸ்டெல்லா, உங்க வேலை இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். தனபாலுக்குச் சதை போட்டிருந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி எட்டு. சீட்டைக் கொடுத்ததும் அவர் வரிசையில் இருந்தவர்களிடம் அதைக் காட்டி, மகன் பரீட்சையில் தேறியதைப்போலப் பீற்றிக்கொண்டார். கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தாள். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது.

"என்ன அது?"

"பச்சரிசி மேடம். வாய் கேக்குது. டெய்லி ரெண்டு ஆழாக்கு உள்ள போயிரும்."

ரத்தத்தில் இரும்பு வற்றினால் சிலருக்கு அரிசி, சாம்பல், மண் என்று வாய் ஏங்கும். முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம்போல வெளுத்திருந்தது. இத்தனை மாதம் என் எதிரிலேயே அவரோடு வந்து வந்து நின்றவள். நான் அவருடைய கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"உங்க ரத்தம் கடைசியா எப்ப பார்த்தாங்க?"

"பெரியவன் வயித்துல இருந்தப்போ." பெரியவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

"நீங்க சுவரொட்டி சாப்பிட மாட்டீங்களா?"

"அவுருக்கு வாங்கறதுல நான் எப்படித் துன்றது?"

டாக்டரிடம் கேட்டுவிட்டு, உடனே கையைப் பிடித்து ரத்தம் எடுத்தேன். ஆறு புள்ளி ஒன்று. நோயாளி என்று ஊரே தாங்கிய தனபாலுக்குக்கூட அவ்வளவு இறங்கியதில்லை. அவர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

"எனுக்கு கொடலு வழியா போச்சி, கண்டுபுட்ச்சீங்க. இவளுக்கு எங்க மேடம் போச்சி?"

டாக்டர் பரிமளா கஸ்தூரியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திறந்தார். ஒன்பது வருடமாக மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீடித்திருக்கிறது. வயசானால் அப்படித்தான் என்று யாரோ சொன்னதை நம்பி, யாரிடமும் வாய் திறக்கவில்லை. கருப்பையில் கட்டிகள். சாதாரணக் கட்டிகள்தான், ஆனால் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன. முதலில் இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். பிறகு அறுவை சிகிச்சை. அந்த நாட்களில் தனபால்தான் வீட்டில் சமையல். உப்பு எவ்வளவு போடுவது என்று என்னிடம்கூட ஒருமுறை போன் செய்து கேட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் கஸ்தூரி தனியாக வந்தாள். ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டிருந்தது. சீட்டை நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. சொல்வதற்கு வேறு ஏதோ வைத்திருந்தாள்.

"மேடம், நேத்து சென்னீர்குப்பத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வர சொல்லோ பஸ்ஸு கெளம்பிடுச்சி. ஓடிப் போயி ஏறிட்டேன். நானு, ஓடி. ஏறினப்பறம் நெஞ்சப் புட்ச்சிகினு ஒக்காரவும் இல்ல." பிறகு என் பக்கம் குனிந்து, சின்னக் குரலில் சொன்னாள்.

"இத்தினி வருசமா நடந்தாலே மூச்சு வாங்கும் மேடம். எல்லாப் பொம்பளைங்களுக்கும் அப்டித்தான் இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."